கூடுதல் சம்பளமா, கூடுதல் நேரமா?

இரண்டு வேலைகள். ஒன்று வீட்டுப் பக்கத்தில், 8 மணி நேரம், சம்பளம் 100 என்று வைத்துக்கொள்வோம். இன்னொன்றில் 130. ஆனால் போக வர 3 மணி நேரம். மணிக்கணக்கில் பிரித்தால் முதலாவதில் 12.5, இரண்டாவதில் பயணத்தையும் சேர்த்து 11 மணி நேரம், அதனால் 11.8. சம்பளம் ஏறியிருக்கிறது, உங்கள் ஒரு மணி நேரத்தின் விலையோ இறங்கிவிட்டது! மாதம் 22 நாள் என்றால் 66 மணி நேரம் வழியிலேயே கரைகிறது.

அதற்காகப் பணத்தை மட்டம் தட்டுவது எனக்குப் பிடிக்காது. வசதி உள்ளவர்கள்தான் அப்படிப் பேசுவார்கள். அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 75,000 டாலருக்கு மேல் அன்றாட மகிழ்ச்சி கூடுவதில்லை என்று உளவியலாளர் கானமனும் பொருளாதார அறிஞர் டீட்டனும் 2010-ல் எழுதினார்கள். 2023-ல் கானமனே இன்னொரு குழுவோடு அதைத் திருத்தினார்: பெரும்பாலோருக்கு வருமானத்தோடு மகிழ்ச்சியும் கூடிக்கொண்டே போகிறது, ஏற்கெனவே மிகவும் துயரத்தில் இருப்பவர்களுக்குத்தான் ஓர் அளவோடு நின்றுவிடுகிறது.

நேரத்தின் பக்கம் என்ன இருக்கிறது? 1938-ல் தொடங்கிய அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வு பல பத்தாண்டுகள் ஒரே ஆட்களைத் தொடர்ந்து கவனித்தது. முதுமையில் நலமாக இருந்தவர்களிடம் நல்ல உறவுகள் இருந்தன. உறவுக்கு நேரம் வேண்டும். பிள்ளை தூங்கிய பிறகு வீடு சேர்பவருக்கு அது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.

வட்டிக்கடன் கழுத்தை நெரிக்கிறதா, 130-ஐ எடுங்கள். இல்லையென்றால் என் ஓட்டு 100-க்கு. கடன் அடைந்ததும் கணக்கை மறுபடி போடுங்கள். பலர் போடுவதில்லை, அதற்குள் புது இஎம்ஐ வந்துவிடுகிறது.