நூல்கடை மாடியில் ஸ்காட்லாந்து: திருப்பூர் டிபேட் கிளாஸ் எப்படி?

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன். மூன்று மாத கோர்ஸ், 9,500 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. ஸ்போக்கன் இங்கிலீஷுக்கு வருகிறவர்களும் வெளிநாடு போவதற்கான ஐ.இ.எல்.டி.எஸ். இங்கிலீஷ் பரீட்சை எழுதப் போகிறவர்களும் ஒரே பேட்ச். திங்கள் முதல் வெள்ளி வரை நடக்கும் கிளாஸ் சுமார். சனிக்கிழமை சாயங்கால டிபேட் கிளாஸ் பிரமாதம். அந்த ஒன்றுக்காகவே பணம் கட்டலாம் என்பது என் கட்சி.

குறையும் எழுதப் போவதால் பெயரைப் போடவில்லை. திருப்பூர் பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே போய்விடலாம். கீழே நூல் கடை, மேலே கிளாஸ். மாடிப்படி செங்குத்து, கோன் நூல் அட்டைப்பெட்டிகள் பாதிப் படியை அடைத்துக்கொண்டிருக்கும், ஒருத்தர் இறங்கினால்தான் இன்னொருத்தர் ஏறலாம். வண்டி நிறுத்த இடம் கிடையாது. ஏ.சி. உண்டு, கரண்ட் போனால் யு.பி.எஸ்.ஸில் ஃபேன் மட்டும் ஓடும். பெண்களுக்குத் தனி பாத்ரூம் இருக்கிறது, சுத்தமாகவும் இருக்கிறது. இதை யாரும் ரிவ்யூவில் எழுதுவதில்லை, ஆனால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

நான் சின்னதாகப் பனியன் கம்பெனி நடத்துகிறேன். யூ.கே. பையருக்கு மெயில் எழுதுவதில் சிரமம் இல்லை. வீடியோ காலில் சாம்பிளைத் திருப்பிப் போட்டுக் குறை சொல்லும்போது எதிர்த்து நாலு வார்த்தை பேச வரவேண்டும், அதற்காகத்தான் சேர்ந்தேன்.

வார நாள் கிளாஸைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஜெராக்ஸ் தாள் கொடுத்து வரிசையாக வாசிக்கச் சொல்வார்கள். நடத்தும் பெண் நல்ல பிள்ளை, ஆனால் போன வருஷம் வரை அவரும் இங்கேயே மாணவியாக இருந்தவர். வாசலில் இருக்கிற ஃப்ளெக்ஸில் வெள்ளைக்கார ஆசிரியர் நேரடியாக நடத்துவதாகப் போட்டிருக்கிறார்கள். வந்தது ரெக்கார்ட் பண்ணின வீடியோ. ஆபீஸில் கேட்டதற்கு “நெட் ப்ராப்ளம் மேடம்” என்றார்கள். ரெக்கார்டிங்குக்கு நெட் எதற்கு என்று கேட்டேன், பதில் இல்லை. ஸ்டார் கொடுக்கும்போது இதற்கு ஒன்று குறைத்துவிட்டேன்.

சரி, சனிக்கிழமைக்கு வருகிறேன். அன்றைக்கு வேறு ஒரு சார் வருவார், காலேஜில் அரசியல் பாடம் நடத்தி ரிட்டயர் ஆனவர். பேசப்போகிற தலைப்பில் யார் எந்தப் பக்கம் என்பதைத் துண்டுச்சீட்டு எடுத்து முடிவு செய்வார். பிடித்த பக்கம் பேச விடமாட்டார். புள்ளிவிவரம் சொன்னால் வருஷமும் சேர்த்துச் சொல்ல வேண்டும். “எனக்குத் தோணுது” என்று ஆரம்பித்தால் கையைக் காட்டி உட்கார வைத்துவிடுவார். உள்ளூர்க் கட்சிகளின் பெயரை எடுக்கவே கூடாது. இந்தக் கடைசி விதி 2024 ஜூன் 4-ம் தேதி லோக்சபா முடிவு வந்ததற்கு அப்புறம் போட்டது. அந்த வாரம் இரண்டு பையன்கள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸை வைத்து வாய்த்தகராறு ஆகி, ஒரு நாற்காலியின் கை உடைந்தது. அந்த நாற்காலி இன்னும் மூலையில் கிடக்கிறது.

அதே வருஷம் ஜூலை 4, வியாழக்கிழமை பிரிட்டனில் பொதுத்தேர்தல். சனிக்கிழமை நாங்கள் போகும்போது சார் போர்டில் ஸ்காட்லாந்து மேப்பைக் கையால் வரைந்து வைத்திருந்தார். பக்கத்தில் தொழிற்கட்சி 37, ஸ்காட்லாந்து தேசியக் கட்சி 9 என்று எழுதி, 9-க்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. இன்வர்னெஸ் பக்கம் ஒரு தொகுதி மறு எண்ணிக்கையில் நின்றுகொண்டிருந்தது. (அப்புறம் அது லிபரல் டெமாக்ரட் கட்சிக்குப் போனது, 9 அப்படியே நின்றது.) ஸ்காட்லாந்துக்கு மொத்தம் 57 சீட், முந்தைய தேர்தல்களில் 59. பிரிட்டனிலிருந்து பிரிந்து தனிநாடாக வேண்டும் என்கிற தேசியக் கட்சிக்கு இதற்கு முன் 2019-ல் 48 இருந்தது. தலைப்பு: இந்தத் தேர்தலோடு ஸ்காட்லாந்தின் தனிநாட்டுக் கோரிக்கை முடிந்துவிட்டது.

எனக்கு வந்த சீட்டு, முடிந்துவிட்டது என்று பேச. எதிரே பல்லடத்துத் தம்பி ஒருவன், செப்டம்பரில் கிளாஸ்கோவுக்கு எம்.எஸ்ஸி. படிக்கப் போகிறவன். நான் எடுத்ததும் போட்டேன்: தேசியக் கட்சியின் தேர்தல் அறிக்கையில் முதல் பக்கம் முதல் வரியே தனிநாடுதான். சின்ன எழுத்தில் கடைசியில் ஒளித்து வைக்கவில்லை. ஜனங்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் 48-ஐ 9 ஆக்கினார்கள், அப்புறம் என்ன பேச்சு?

தம்பி அசரவில்லை. “அக்கா, 2015-ல அவங்க 59-க்கு 56 ஜெயிச்சாங்க. ஓட்டு பாதிதான். அந்த 56-ஐ வச்சு ஊரே தனிநாடு கேட்டுதுன்னு சொல்ல முடியாதுன்னா, இந்த 9-ஐ வச்சு யாரும் கேக்கலைன்னும் சொல்ல முடியாதுங்க்கா.”

பெருந்துறையிலிருந்து வரும் நர்ஸ் பெண் உடனே போனில் கால்குலேட்டரைத் திறந்துவிட்டாள். 2015-ல் 50 சதவீத ஓட்டுக்கு 95 சதவீத சீட். 2024-ல் 30 சதவீத ஓட்டுக்கு 16 சதவீத சீட். தொழிற்கட்சிக்கு 35 சதவீத ஓட்டுதான், சீட்டோ மூன்றில் இரண்டு பங்கு. அவிநாசியிலிருந்து வரும் ரிட்டயர்டு பேங்க் மேனேஜர், மகள் எடின்பரோவில் இருக்கிறாள், பேரனோடு பேசுவதற்காக இங்கிலீஷ் படிக்கிறவர், மெதுவாக ஆரம்பித்தார்: “ஏனுங் சார், போன மாசம் இங்கயும் 47 சதவீதத்துக்கு 39-க்கு 39...” சார் மார்க்கரை உயர்த்திவிட்டார். கிளாஸே சிரித்தது. ஆனால் கணக்கு எல்லார் மண்டையிலும் ஏறிவிட்டது. உள்ளூர்க் கட்சியின் பெயரே வராமல் உள்ளூர்த் தேர்தலைப் புரியவைத்த வாத்தியாரை நான் இதற்கு முன் பார்த்ததில்லை.

இங்கே சார் பத்து நிமிஷம் எடுத்துக்கொண்டார். லண்டன் பார்லிமென்ட்டுக்கு நம்மைப் போலத்தான், தொகுதியில் அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயித்தார். எடின்பரோவில் 1999 முதல் இருக்கிற ஸ்காட்லாந்து பார்லிமென்ட்டுக்கு இரண்டு ஓட்டு: ஒன்று தொகுதி வேட்பாளருக்கு, இன்னொன்று மண்டலப் பட்டியலில் கட்சிக்கு. 73 தொகுதி, 56 பட்டியல், மொத்தம் 129. ஒரே கட்சி தனிப்பெரும்பான்மை பெறுவது கஷ்டம் என்றே போட்ட கணக்கு அது. அந்தக் கணக்கையும் மீறி 2011-ல் தேசியக் கட்சி 69 வாங்கியது. அதனால்தான் 2012-ல் அன்றைய பிரிட்டன் பிரதமர் கேமரூனும் ஸ்காட்லாந்து அரசின் தலைவர் அலெக்ஸ் சால்மண்டும் எடின்பரோவில் ஒப்பந்தம் போட்டு, தனிநாடு வேண்டுமா என்று 2014 செப்டம்பர் 18-ல் ஓட்டெடுப்பு நடந்தது. 84.6 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டார்கள், வேண்டாம் 55.3, வேண்டும் 44.7. கிளாஸ்கோவும் டண்டீயும் வேண்டும் என்றன, எடின்பரோ வேண்டாம் என்றது. போர்டில் இரண்டு ஊரை மட்டும் நீல மார்க்கரால் தீட்டினார். மார்க்கர் பாதியில் காய்ந்து டண்டீ வெளிறிப்போனது.

அப்புறம் பேச்சு பணத்துக்கு வந்தது. எனக்குத் தெம்பு வந்த இடமும் அதுதான். 1970-களில் வட கடலில் எண்ணெய் கிடைத்ததும், அது எங்கள் எண்ணெய் என்று சொல்லித்தான் அந்தக் கட்சி வளர்ந்தது. 1974 அக்டோபரில் 11 சீட் ஜெயித்தார்கள். 2014 ஓட்டெடுப்புக்கு முன் ஸ்காட்லாந்து அரசு வெளியிட்ட திட்ட அறிக்கை, எண்ணெய் பீப்பாய் 110 டாலர் என்று வைத்துக் கணக்குப் போட்டது. ஓட்டெடுப்பு முடிந்த சில மாதத்திலேயே, 2015 ஜனவரியில், விலை 50-க்குக் கீழே போய்விட்டது. நூல் விலை ஏறும் இறங்கும் என்று தெரிந்த எவரும் ஒரே ரேட்டை நம்பி வருஷம் முழுக்க ஆர்டர் எடுக்கமாட்டார்கள், ஒரு நாட்டை எப்படி எடுப்பார்கள் என்று கேட்டேன். சார் தலையாட்டினார். அவர் தலையாட்டுவது அபூர்வம்.

அடுத்து, பில் எந்தப் பணத்தில் போடுவீர்கள் என்று கேட்டேன். தனிநாடு ஆனாலும் பவுண்டையே வைத்துக்கொள்வோம் என்று தேசியக் கட்சிக்காரர்கள் சொன்னார்கள். அன்றைய பிரிட்டன் நிதியமைச்சர் ஆஸ்போர்ன் 2014 பிப்ரவரியிலேயே பவுண்டில் பங்கு தரமாட்டோம் என்று சொல்லிவிட்டார். ஸ்காட்லாந்து பேங்குகள் தங்கள் பெயரிலேயே நோட்டு அடிக்கின்றன என்றாலும் அது பவுண்டுதான். ஏற்றுமதிக்காரிக்கு இதைவிடப் பெரிய கேள்வி கிடையாது.

தம்பி சளைக்காமல் 2016-க்குத் தாவினான். ஐரோப்பிய யூனியனில் இருக்க வேண்டும் என்று ஸ்காட்லாந்தில் 62 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டும், மொத்த நாட்டுக் கணக்கில் வெளியேற வேண்டியதாகிவிட்டது. 2014-ல் பிரியாதீர்கள், பிரிந்தால் ஐரோப்பிய யூனியனில் இருக்கிற இடம் போய்விடும் என்று பயமுறுத்தினார்கள். பிரியாமல் இருந்தும் போய்விட்டது. இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. ஸ்காட்லாந்து தனியாக ஐரோப்பாவில் சேர்ந்தால் இங்கிலாந்தோடு நடுவில் கஸ்டம்ஸ் வரும், ஒரே கன்டெய்னருக்கு இரண்டு பேப்பர் என்று சமாளித்தேன்.

அன்றைக்கு அறையைக் கட்டிப்போட்டது சார் சொன்ன 1967 கதை. அந்த வருஷம் மார்ச்சில் அண்ணா மெட்ராஸில் முதலமைச்சர் ஆனார். அதே வருஷம் நவம்பரில் ஸ்காட்லாந்தின் ஹாமில்டன் இடைத்தேர்தலில் வின்னி யூயிங் ஜெயித்து, ஸ்காட்லாந்து தேசியக் கட்சியை ஊர் உலகம் திரும்பிப் பார்க்க வைத்தார். ஒரு பக்கம், 1962-ல் ராஜ்யசபாவில் திராவிட நாடு கேட்டவர், சீனப் போருக்குப் பின் கோரிக்கையைக் கைவிட்டு, நாலு வருஷத்தில் ஆட்சிக்கு வந்தார். இன்னொரு பக்கம் தேசியக் கட்சிக்காரர்கள் கோரிக்கையைக் கைவிடாமலே இருந்து, 40 வருஷம் கழித்து 2007-ல் ஸ்காட்லாந்து பார்லிமென்ட்டில் ஒரே ஒரு சீட் வித்தியாசத்தில், 47-க்கு 46, ஆட்சிக்கு வந்தார்கள். நம் நாட்டில் 1963-ல் வந்த 16-வது திருத்தத்துக்கு அப்புறம், வேட்பாளர் இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பேன் என்று உறுதிமொழி எடுத்துத்தான் நிற்க முடியும். அங்கே பிரிவினையே கட்சியின் கொள்கை, அந்தக் கட்சியே அரசாங்கம். ஆனால் சட்டம் அங்கேயும் விட்டுவிடவில்லை: 2022 நவம்பரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், லண்டன் சம்மதிக்காமல் எடின்பரோ ஓட்டெடுப்புச் சட்டம் போட முடியாது என்று ஒருமனதாகச் சொல்லிவிட்டது.

அண்ணா கட்சித் தலைவர் ஆயிற்றே, உள்ளூர் விதி மீறல் இல்லையா என்று நர்ஸ் கேட்டாள். அது சரித்திரம் என்றார் சார். விதி போட்டவருக்கு மட்டும் விதிவிலக்கு!

அந்த இடைவெளியில் அவிநாசி பேங்க் மேனேஜர் நுழைந்துவிட்டார். 2021-ல் கொங்கு நாட்டைத் தனியாகப் பிரிக்கலாம் என்று ஒரு பேச்சு கிளம்பியதே, அப்போது அவர் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் சண்டையே நடந்ததாம். “சம்பாதிக்கறது நாம, செலவழிக்கறது அவிங்க” என்பது அவருடைய மச்சான் கட்சி. திருப்பூர் மட்டும் வருஷத்துக்கு 30,000 கோடிக்கு மேல் ஏற்றுமதி செய்கிறது, எனவே இந்தப் பேச்சு காதில் இனிக்கத்தான் செய்யும். ஆனால் ஸ்காட்லாந்து அப்படியே தலைகீழ்: லண்டன் அரசு பணம் பங்கிடும் பார்னெட் ஃபார்முலாவின்படி போகிற பணத்தால் அங்கே தலைக்கு ஆகும் அரசுச் செலவு நாட்டுச் சராசரியைவிட அதிகம். இங்கிலாந்துக்காரன்தான் முணுமுணுக்கிறான். பணம் அதிகம் வாங்குகிறவனும் பிரியக் கேட்கிறான், கொடுக்கிறவனும் கேட்கிறான் என்றால், பணம் மட்டும் காரணமாக இருக்க முடியாது என்பது என் எண்ணம். கொங்கைப் பிரிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை என்பதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். என் டேபிளில் தைக்கிறவர்களில் பாதிப்பேர் மதுரை, தேனிப் பக்கம்.

டீ நேரத்தில் தம்பிக்கு ஒரு விஷயம் தெரியவந்து முகமே மாறிவிட்டது. முறையான விசாவில் ஸ்காட்லாந்தில் குடியிருக்கிற வெளிநாட்டு மாணவனுக்கும் அந்த ஊர் பார்லிமென்ட் தேர்தலில் ஓட்டு உண்டு, 2020-ல் சட்டம் போட்டார்கள். 2014 ஓட்டெடுப்பிலேயே அங்கே குடியிருந்த காமன்வெல்த் நாட்டுக்காரர்களுக்கு ஓட்டு இருந்தது, 16 வயதுப் பிள்ளைகளுக்கும் இருந்தது. ஃபீஸ் மட்டும் உள்ளூர்ப் பிள்ளைகளைப் போல இலவசம் கிடையாது. “எங்க அப்பிச்சிகிட்ட சொன்னா நம்பமாட்டாருங்க்கா” என்றான். கீழே பேக்கரியிலிருந்து தூக்கில் வரும் டீ நன்றாக இருக்கும், கூட வரும் தேங்காய் பன் அதைவிட நன்றாக இருக்கும். அது ஃபீஸில் சேர்த்தி.

சனிக்கிழமைக்கும் குறை உண்டு. அறையில் முப்பது பேர் என்றால் பேசுவது பத்துப் பேர். வாய் உள்ள ஆண்பிள்ளைகள் நேரத்தைத் தின்றுவிடுகிறார்கள், சாரும் அவர்களைச் சீக்கிரம் நிறுத்துவதில்லை. ஏழரைக்கு முடிய வேண்டியது எட்டரைக்குப் போகும், தாராபுரம் பக்கம் போகிறவர்களுக்குப் பஸ் சிரமம். யாருக்கு என்ன தப்பு என்று வாயால் சொல்கிறாரே தவிர எழுதித் தருவதில்லை. ஐ.இ.எல்.டி.எஸ். ஸ்பீக்கிங் மொத்தமே 11 முதல் 14 நிமிஷம்; அதற்கு ஸ்கோர் முக்கியம் என்கிறவர்களுக்கு இது போதாது, வேறு இடம் பாருங்கள். பையரோடு வாதாட வேண்டியவர்கள், இன்டர்வியூவில் குரூப் டிஸ்கஷனுக்குப் போகிறவர்கள் தாராளமாகச் சேரலாம். போன மாசம் ரிப் காலர் விஷயத்தில் மான்செஸ்டர் பையரிடம் வருஷம், ரேட், ஆர்டர் நம்பர் எல்லாம் சொல்லிப் பேசினேன். டெபிட் நோட், அதாவது குறை சொல்லி அவர் பிடிக்கிற தொகை, பாதியாகக் குறைந்தது.

ஐந்துக்கு மூன்றரை. சனிக்கிழமை மட்டும் தனியாகச் சேர முடியாது என்று ஆபீஸில் சொல்வார்கள். சாரிடம் நேரடியாகக் கேளுங்கள், மாசம் 1,200-க்கு ஒத்துக்கொள்கிறார். ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.