ரெடிமிக்ஸ் சுண்ணாம்புச் சாந்து: பொரிந்த தோட்டச் சுவருக்கு எடுபடுமா?

செங்கல் பொரிந்து, இடுக்கில் சாந்து உதிர்ந்து நிற்கும் பழைய தோட்டச் சுவருக்கு, 25 கிலோ மூட்டையாக வரும் ரெடிமிக்ஸ் சுண்ணாம்புச் சாந்து நல்ல சரக்கு. ஆனால் கல்லைப் பார்த்து வாங்க வேண்டும். சாவியால் கீறினால் தூள் கொட்டுகிற கல்லுக்குத்தான் இது. அந்த மாதிரிக் கல்லுக்கு நடுவே சிமென்ட் கலவையை அடைத்தால் இடுக்கு வழியாக ஈரம் ஆறாது; செங்கல் வழியாகத்தான் வெளியேறும். கூடவே வரும் உப்பு, கல்லின் முகப்புக்குப் பின்னால் படிகமாகித் தோலை உரித்துத் தள்ளிவிடும். செங்கல் குழிந்து, சாந்து மட்டும் வரப்பு போலத் துருத்தி நிற்கும் சுவர்களில் நடந்திருப்பது பெரும்பாலும் இதுதான்.

மூட்டையின் பின்பக்கத்தைப் படிக்காமல் வாங்காதீர்கள். முன்னால் ‘சுண்ணாம்பு’ என்று பெரிதாகப் போட்டுவிட்டு உள்ளே சிமென்டும் கலந்தவை உண்டு. வெயில், மழை படும் சுவருக்கு என்.எச்.எல். (தண்ணீர் பட்டு இறுகும் இயற்கைச் சுண்ணாம்பு) 3.5 ரகம் போதும். 5 இன்னும் கெட்டி. மெத்தென்ற கல்லுக்கு வேண்டாம்.

230 × 75 மி.மீ. முகப்புள்ள செங்கல், 10 மி.மீ. இடுக்கு, 20 மி.மீ. ஆழம் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு மூன்று லிட்டருக்குச் சற்று மேல் சாந்து பிடிக்கும். ஒரு மூட்டையில் 13, 14 லிட்டர் தேறும். சேதாரம் போக மூன்றரை சதுர மீட்டர் என்று கணக்குப் போடுங்கள்.

தண்ணீரை 4 லிட்டரில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், உள்ளங்கையில் ஒட்டக்கூடாது. பூச்சு வேலைக்குக் கலக்குகிற பதம் இதற்கு ஆகாது. தளர்ந்த கலவைதான் காயும்போது சுருங்கி வெடிக்கும், செங்கல் முகத்திலும் வெள்ளையாக வழியும்.

இடுக்கைத் தோண்டும் ஆழம் அதன் அகலத்தைப்போல் இரு மடங்கு. கிடை இடுக்கில் கிரைண்டரை நடுவே மட்டும் ஓட்டலாம். செங்குத்து இடுக்கில் உளிதான். சக்கரம் மேல்கல்லையும் கீழ்க்கல்லையும் வெட்டாமல் திரும்பாது. தூசியைத் துடைத்து, முந்தின நாளும் வேலைக்கு ஒரு மணி நேரம் முன்பும் நனைக்க வேண்டும். தண்ணீர் தேங்கி மினுமினுக்கக் கூடாது. 25 மி.மீ.க்கு மேல் ஆழமென்றால் இரண்டு தடவையாக அடையுங்கள். நகம் அழுந்தாத பதம் வந்ததும் கெட்டித் தூரிகையால் குத்திவிட்டால் மயிரிழை வெடிப்புகள் மூடிக்கொள்ளும். கையுறை, கண்ணாடி கட்டாயம்; சுண்ணாம்பு கண்ணைப் பொசுக்கிவிடும்.

விரலால் தேய்த்தால் மாவாக உதிர்கிறது என்ற புகாரை மூட்டையின் தலையில் கட்டுவது பெரும்பாலும் நியாயமில்லை. அது சீக்கிரம் காய்ந்த சாந்து. ஈரச் சாக்கு தொங்கவிட்டு ஏழு நாள் நீர் தெளித்தே ஆக வேண்டும். 5 டிகிரிக்குக் கீழே இறுகாது, 30 டிகிரிக்கு மேல் வறண்டுவிடும்.

இந்தச் சாந்து செய்யாத வேலைகளும் உண்டு. முகப்பு உதிர்ந்த கல்லின் குழியை இதால் மெழுகினால் நிற்காது. சுற்றிலும் இடுக்கில் துளையிட்டுக் கல்லை உருவி எடுங்கள். பின்பக்கம் நன்றாக இருந்தால் அதையே திருப்பி வைக்கலாம், வேறு கல் தேட வேண்டியதில்லை. சுவரின் தலையில் தண்ணீர் சொட்டும் விளிம்புள்ள மூடுகல் இல்லையென்றாலோ, அடியில் மண் ஏறியிருந்தாலோ எந்த மூட்டையும் உதவாது. முதலில் அவற்றைச் சரிசெய்யுங்கள். உப்புப் பூத்த சுவரில் சிலிகான் நீர்த்தடுப்பு அடிப்பது உப்பை உள்ளேயே பூட்டி வைப்பது.

நிறத்துக்கு ஓரமாக ஓரடி மட்டும் அடைத்து, இரண்டு வாரம் காயவிட்டுப் பார்த்த பிறகு மீதி மூட்டைகளை வாங்குங்கள். ஈரத்தில் தெரிகிற நிறம் காய்ந்ததும் நன்றாக வெளுத்துவிடும்.