யாழ்ப்பாண வளவில் மூடாக்கு: பல கோடை கண்ட பூம்பாத்திகள் சொல்வது

செடியைச் சுற்றியுள்ள மண்ணை ஓலை, சருகு போன்றவற்றால் மூடிவைப்பதைப் பள்ளிக்கூடத்தில் பத்திரக்கலவை என்று படித்தோம். தமிழ்நாட்டுக் காணொளிகள் பார்த்துப் பார்த்து இப்போது எங்களிடமும் மூடாக்கு என்ற சொல்தான் புழங்குகிறது. முன்வளவில் பூம்பாத்தி அமைத்துக் கொடுப்பவர்கள் இதையும் தனி வேலையாகச் செய்து காசு வாங்குகிறார்கள். அப்படிக் காசு கொடுத்துப் போடுவித்தவை, வளவிலேயே கிடைத்ததை வைத்துப் போட்டவை என இரண்டு வகைப் பாத்திகளையும் பல கோடையும் மாரியும் கடந்து பார்த்ததில் தெரிந்தவை இங்கே இருக்கின்றன.

எந்தப் பொருளைப் போட்டோம் என்பதைவிட எந்த மாதத்தில் போட்டோம் என்பதுதான் பலனைத் தீர்மானிக்கிறது. எங்கள் ஆண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள் விழுந்துவிடும். பிறகு சித்திரையில் இரண்டொரு இடிமழை பெய்யலாம். அது போனால் புரட்டாசி வரை கிணற்று நீர்தான். ஆனால் ஆட்கள் மூடாக்கை நினைப்பதே பங்குனி, சித்திரையில் செடி வாடத் தொடங்கியதும். அப்போது மண் ஓரடி ஆழத்துக்கு உலர்ந்திருக்கும். அதன்மேல் மூன்று அங்குலச் சருகைப் போட்டு மேலே தண்ணீர் தெளித்தால் முதல் வாளி முழுவதையும் சருகே குடித்துவிடும்; வேருக்கு ஒன்றும் போய்ச் சேராது. “மூடாக்குப் போட்டும் செடி செத்துப்போச்சு” என்று கேட்கிற முறைப்பாடுகளில் பாதிக்கு மேல் இந்தக் கதைதான். தைப்பொங்கல் முடிந்த கையோடு, மழை ஈரம் அடிவரை இருக்கும்போதே போடுங்கள். சித்திரையில்தான் போட முடிந்தது என்றால் இரண்டு நாள் முன்பிருந்தே பாத்தியை ஊற ஊற நனைத்துவிட்டு மூடுங்கள்.

மணலில் இது இன்னும் கடுமை. கொடிகாமம், மிருசுவில் பக்கமும் வடமராட்சி கிழக்கும் தனி மணல். அந்த மணலில் ஓரடி ஆழம், செடி எடுக்கக்கூடியதாகப் பிடித்து வைப்பது ஏறக்குறைய ஓர் அங்குல நீர்தான்; பல இடத்தில் அதற்கும் குறைவு. கூடுதலாக ஊற்றினால் அது வேரைத் தாண்டி, போட்ட உரத்தையும் கரைத்துக்கொண்டு கீழே போகும். எங்களுக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல், அதன் வெடிப்புகளுக்குள் கிணற்று நீர். வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று கூடியிருப்பது பல காலமாகப் பேசப்படுகிற விஷயம். ஆகவே குறைவாக ஊற்றுவது மின்கட்டணத்துக்கு மட்டுமல்ல, குடிக்கிற கிணற்றுக்கும் நல்லது. வலிகாமத்துச் செம்மண் மணலைவிட ஈரத்தைக் கொஞ்சம் கூடப் பிடிக்கும். ஆனால் அங்கே கறையான் தொல்லை அதிகம். அதைக் கீழே சொல்கிறேன்.

அளவும் கணக்கும்

நூறு சதுர அடிப் பாத்திக்கு மூன்று அங்குலம் போட 25 கன அடி வேண்டும். மணல், சல்லி வாங்குகிற அதே கணக்கில் சொன்னால் கால் கியூப். ஒரு கியூப் நூறு கன அடி. அது நானூறு சதுர அடிக்குப் போதும். 50 கிலோ அரிசிப் பையில் அமுக்காமல் நிரப்பினால் கிட்டத்தட்ட மூன்று கன அடி பிடிக்கும், ஆக நூறு சதுர அடிக்கு எட்டு ஒன்பது பை. வேலைக்காரர் நான்கு பையுடன் வந்து நூறு சதுர அடியை “மூடிவிட்டேன்” என்றால் அது ஒன்றரை அங்குலம். வெயிலில் ஒரு மாதத்தில் மண் தெரியும்.

ஓலை, சருகு போன்ற பருமனான பொருள் முதல் மழையிலேயே அல்லது முதல் மாதத்திலேயே அமுங்கும். நான்கு அங்குலம் போட்டால்தான் அமுங்கிய பின் இரண்டரை, மூன்று நிற்கும். மரத்தூள், தும்புத்தூள் போன்ற நுண்ணிய பொருள் இரண்டு அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. தடித்தால் காற்றும் மழையும் கீழே இறங்காது. காசு கொடுத்துச் செய்விக்கிறவர்கள் போட்ட அன்று அளக்காமல், ஒரு மாதம் கழித்து அடிமட்டத்தைக் குத்தி நாலு இடத்தில் அளந்து பாருங்கள். அப்போதைய கனத்துக்குத்தான் விலை பேசியிருக்க வேண்டும்.

எதைப் போட்டோம், என்ன ஆனது

இத்தனைக்கும் பிறகு முதலிடம் பனையோலைக்குத்தான். யாழ்ப்பாணத்துத் தோட்டங்களில் ஓலையை மண்ணுக்குள் புதைத்துப் பசளையாக்குவது பழைய வழக்கம். வேலியில் இரண்டு மூன்று வருடம் நின்று நரைத்த ஓலையும் கடைசியில் தோட்டத்துக்கே வரும். வேலிகள் மதிலான பிறகு அந்த வரத்து நின்றுவிட்டது, ஆனால் வெட்டுகிற இடத்தில் சொல்லி வைத்தால் ஓலை கிடைக்கும். முழு ஓலையை அப்படியே பரப்பினால் சரிப்பட்டு வராது. கூரைபோல மழையை வழித்து ஓரத்துக்கு விடும். ஒரு நாள் ஊறவைத்து, கத்தியால் ஒரு சாண் துண்டுகளாக வெட்டுங்கள். காய்ந்த ஓலை வழுக்கி வெட்டு கையில் விழும். ஊறியது வெட்டுக்கு அடங்கும். கருக்குள்ள மட்டைகளைக் கழித்து எடுத்து, பாத்தியின் ஓரத்தில் வரிசையாக அடித்துவிட்டால் கரை கட்டினதுபோல் நிற்கும். வெட்டின ஓலை ஈர்க்கோடு ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால் வைகாசிக்குப் பிறகு வீசுகிற சோளகத்துக்கும் அசையாது. ஒரு முழு மாரி தாண்டியும் பாதிக்கு மேல் மிஞ்சும்.

ஓலையில் சத்து குறைவு. அதனால் அடியில் ஒரு அங்குலத்துக்குச் சீமைக்கிளுவைப் பச்சை இலை. நைதரசன் நிறைந்த இலை, இரண்டு மூன்று கிழமையில் கரைந்து மண்ணோடு போய்விடும், மேலே ஓலை நின்று காக்கும். இந்த இரண்டும் சேர்ந்த பாத்திகளில் செவ்வரத்தை, நந்தியாவட்டை, ரோசா எல்லாம் இலை நிறம் மாறாமல் கோடையைக் கடந்தன.

தேங்காய்ப் பொச்சுமட்டை மணலுக்கு மிக நல்லது, மரங்களுக்கு இன்னும் நல்லது. மேலே பரப்பும்போது கண்டிப்பாகக் கவிழ்த்து வையுங்கள், தோல் வானத்தைப் பார்க்க வேண்டும். நிமிர்த்து வைத்த மட்டை மாரியில் ஒவ்வொன்றும் ஒரு கிண்ணம், நுளம்பு பெருகும். டெங்கு வருகிற ஊரில் இந்தக் கவனம் கட்டாயம். குழிக்குள் புதைப்பதென்றால் மறுபக்கம்: நிமிர்த்தி அடுக்கினால்தான் தண்ணீரைப் பிடிக்கும்.

தும்புத்தூள் தனியே வேண்டாம். காய்ந்ததும் சோளகம் அள்ளிக்கொண்டு போய் விறாந்தையில் கொட்டும். தெளிக்கிற நீரை உறிஞ்சி மேலேயே வைத்துக்கொள்ளும். சில தூளில் உப்பும் இருக்கும். கிணற்று நீரும் உவர்ப்பாக உள்ள கரையோர வளவுகளில் இரண்டும் சேர்ந்து இலை நுனியைக் கருக்கும். கழுவி, கூட்டெருவோடு கலந்து மண்ணுக்குள் போடுவதுதான் அதற்குப் பொருத்தமான இடம்.

மரக்காலையில் கிடைக்கிற மரத்தூள் மலிவு. மண்ணோடு கலந்தால் நுண்ணுயிர்கள் அதை உக்கச்செய்ய மண்ணின் நைதரசனை எடுத்துக்கொள்ளும், செடி வெளிறும். மேலே பரப்பினால் அந்தப் பாதிப்பு மேல்மண்ணோடு நிற்கும், ஆனால் தூள் நனைந்து காய்ந்து அப்பளம்போல் இறுகிவிடும். தச்சு வேலைத்தளத்தில் இருந்து வருகிறதென்றால் பலகைக்கு மருந்தடித்ததா, ஒட்டுப்பலகைத் தூளா என்று கேட்டுவிட்டே வாங்குங்கள். மரத்தைத் துண்டுபோட்டுச் சீவின பருமனான சீவல் கிடைத்தால் அது வேறு தரம். ஓலைக்கு அடுத்த இடம்.

மாஞ்சருகு தோல்போலத் தட்டையாக ஒட்டிக்கொள்ளும். நொறுக்கி, வேப்பஞ்சருகோடு கலந்தால் நல்லது. வைக்கலில் களை விதை வரும், தெருவில் திரிகிற மாடும் வரும். உமி பறக்கும். புகையிலைத் தண்டு வலிகாமத்தில் சும்மா கிடைக்கும்தான். அதில் தேமல் வைரசு காய்ந்தும் உயிரோடு இருக்கும் என்பதால் மிளகாய், தக்காளி, கத்தரி உள்ள வீட்டுக்குள்ளேயே கொண்டுவர வேண்டாம். தீவுப்பகுதிக் கரையில் ஒதுங்குகிற சாதாளை என்ற கடற்பூண்டு நல்ல பசளை, ஆனால் ஒரு மாரி மழையில் குவித்து வைத்து உப்புப் போன பிறகே பாத்திக்கு.

வெள்ளைக் கூழாங்கல்லும் சுண்ணாம்புச் சல்லியும் படத்தில் அழகு. வெயிலில் கல் சூடேறி, பொழுதுபட்ட பின்னும் அந்தச் சூட்டை விட்டுக்கொண்டிருக்கும். பக்கத்து இலைகளின் அடிப்புறம் கருகும். சுண்ணாம்புச் சல்லியின் பெரிய கேடு எக்சோராவில் தெரியும். எங்கள் மண்ணும் கிணற்று நீரும் ஏற்கெனவே காரத்தன்மை கூடியவை. அதில் சல்லியும் சேர்ந்தால் வேருக்கு இரும்பு கிடைக்காது. இளம் இலை மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக வலைபோல் நிற்கும். யூரியா போட்டுத் தீராது. சல்லியை அள்ளி எடுத்துவிட்டு, இரும்புச் சத்தை இலைவழி தெளித்து, அடியில் கூட்டெரு போட்டு வர வேண்டும். புதிய குருத்தில்தான் பச்சை திரும்பும்.

கறுப்புப் பொலித்தீனும் களைத்துணியும் கோரையைத் தடுக்கும் என்று விற்கிறார்கள். கோரையின் முளை ஊசிபோன்றது, பொலித்தீனைக் குத்திக்கொண்டு மேலே வரும். பாத்தீனியத்தை எந்த மூடாக்கும் நன்றாக அடக்கும், ஏனென்றால் அது சின்ன விதை, முளைக்க வெளிச்சமும் வெறும் மண்ணும் வேண்டும். கோரைக்கு வழி ஒன்றுதான்: போடுவதற்கு முன் கிழங்கோடு தோண்டி எடுப்பது, இரண்டு கிழமை விட்டு மறுபடி முளைத்ததையும் எடுப்பது. அந்த இரண்டு கிழமையை விட்டுக்கொடுக்காத வேலைக்காரரே நல்ல வேலைக்காரர்.

போடுகிற முறை

பாத்தியின் மட்டத்தை நடைபாதையைவிட மூன்று அங்குலம் தாழ்த்துங்கள், அல்லது கல், செங்கல், கருக்குமட்டை எதையாவது வைத்துக் கரை கட்டுங்கள். கரையில்லாத மூடாக்கு கார்த்திகை வெள்ளத்தில் மிதந்து வாய்க்காலை அடைக்கும். களை எடுத்தபின் ஓர் அங்குலம் கூட்டெரு அல்லது உக்கிய மாட்டெரு, நூறு சதுர அடிக்கு மூன்று பை. சொட்டுக் குழாய் இருந்தால் அதன்மேல். பிறகு ஊறும்வரை நீர். பச்சை இலை, அதன்மேல் ஓலை. கடைசியில் ஒருமுறை பூவாளியால் நனைத்து அமர விடுங்கள்.

தண்டைச் சுற்றி இடைவெளி விடுவதில்தான் அதிகம் பிழை விடுகிறார்கள். பார்க்க நிறைவாக இருக்கட்டும் என்று தண்டோடு புற்றுப்போலக் குவிக்கிறார்கள். மாரியில் அந்த இடம் எப்போதும் ஈரமாகவே கிடந்து பட்டை கறுக்கும், விரலால் சுரண்டினால் தோல் கழன்று வரும். செடி தையில் காய்வதற்குக் காரணம் ஐப்பசியில் விழுந்திருக்கும். பூச்செடிக்கு நான்கு விரல், மரத்துக்கு ஒரு சாண் வெறுமையாக இருக்கட்டும். வீட்டுச் சுவரிலிருந்தும் ஓரடி தள்ளியே போடுங்கள். கறையான் மண்குழாய் கட்டி ஏறினால் அந்த வெறும் ஓரத்தில் கண்ணுக்குப் படும். செம்மண்ணில் அடியில் காட்போட் மட்டை விரிக்க வேண்டாம், கறையானை அழைத்து வைத்ததாகும். வேப்பிலை கொஞ்சம் தாமதப்படுத்தும், தடுக்காது. பாத்தியில் கறையான் செத்த ஓலையைத் தின்பதால் செடிக்கு உடனே கேடில்லை. புதிதாக நட்ட கன்றின் வேரில் ஏறுகிறதா என்று பாருங்கள்.

நீர் வேருக்குப் போகிறதா என்பதைச் சாந்தகப்பை என்கிற கைக்கரண்டியால்தான் தெரிந்துகொள்ளலாம். ஓரிடத்தில் மூடாக்கை விலக்கி, அகப்பையை ஆறு அங்குலம் இறக்கி, மண்ணை ஒரு பக்கம் நெம்பிப் பாருங்கள். நல்ல பாத்தியில் மேலே காய்ந்த ஓலை, அடுத்து கறுத்து நொறுங்கின ஓலை, அதில் வெள்ளை நூலாகப் பங்கசு இழை, அதற்குக் கீழே கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கிற மணல் என்று தட்டுத் தட்டாகத் தெரியும். வெள்ளை இழையைக் கண்டு பயப்பட வேண்டாம், உக்கச்செய்கிறது அதுதான். கீழே மணல் விரலிடுக்கில் ஓடினால் நீர் மேலேயே நிற்கிறது. அப்போது தெளிப்பதை விட்டுவிட்டு, குழாயை மூடாக்குக்குக் கீழே செருகி மெதுவாக விடுங்கள். மணற்பாத்தியில் கோடைக்கு இரண்டு நாளுக்கு ஒருமுறை ஊற்றிய இடத்தில், மூடாக்கு சரியாக இருந்தால் மூன்று, நான்கு நாளுக்கு ஒருமுறை போதுமாகிறது. புதிதாக வைத்த கன்றுக்கு இந்தக் கணக்கு இல்லை.

உரமும் அப்படியே. யூரியாவை ஓலைமேல் தூவினால் நைதரசனில் ஒரு பங்கு வாயுவாகப் போய்விடும். விலக்கி, மண்ணில் போட்டு, நீர் விட்டு மூடுங்கள்.

முதல் வருடம் நீர் மிச்சமாவதைத் தவிரப் பெரிதாக ஒன்றும் தெரியாது. எங்கள் வெப்பத்தில் சருகு வேகமாக உக்கும். மணல் அதை விழுங்கிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தையிலும் ஒன்றரை, இரண்டு அங்குலம் மேலே சேர்க்க வேண்டும். மூன்றாவது தையில் மேல் இரண்டு அங்குல மணல் நிறம் மாறியிருக்கும், மண்புழு வந்திருக்கும். ஒரு வருடம் விட்டால் அந்தக் கறுப்பு மங்கத் தொடங்கும். புரட்டாசியில் பழையதைக் கிளறி, தண்டருகே இருப்பதை விலக்கிவிட்டு மாரிக்கு விடுங்கள். மழைக்காலத்தில் ஆபிரிக்க நத்தை இதற்குள் ஒளியும், மட்டத்தேளும் இருக்கும். கை விடாமல் தடியால் கிளறுங்கள். தென்னை பக்கத்தில் நிற்கிற வளவில் உக்கின குவியலை வருடக்கணக்கில் அசைக்காமல் விடக்கூடாது, தென்னையைத் தாக்குகிற கறுப்பு வண்டின் புழு அதில்தான் வளரும்.

முற்றத்தைக் கூட்டிச் சருகைக் கொளுத்துவது எங்கள் வீடுகளின் காலை வழக்கம். அந்த நெருப்பில் போவதுதான் இத்தனை காசு கொடுத்து வாங்குகிற பொருள். “வீட்டு முன்னால குப்பையாக் கிடக்கு” என்று பெரியவர்கள் சொல்வது கரை கட்டாத பாத்தியைப் பார்த்துத்தான். நேரான கரை வந்ததும் அந்தப் பேச்சு அடங்குகிறது. எல்லாச் செடிக்கும் மூடாக்கு வேண்டியதில்லை. அடீனியம், கற்றாழை வகைகளுக்கு அடி காய்ந்திருக்க வேண்டும். போகன்விலாவும் ஈரம் குறைந்தால்தான் பூக்கும், மூடாக்கிட்டால் இலைதான் மிஞ்சும். அவற்றை வேறு பாத்தியில் வைத்து, மேலே பருமணலை மட்டும் விரித்து விடுங்கள்.