வேபர்ன்: பூலேஸின் இரண்டு தொகுப்புகளில் எதை வாங்குவது?

இருபதாம் நூற்றாண்டின் ஆஸ்திரிய இசையமைப்பாளர் அன்டன் வேபர்னின் இசையை முழுமையாகக் கேட்க விரும்புகிறவர்கள் முன்னால் இரண்டு பெட்டிகள் இருக்கின்றன. இரண்டும் பிரெஞ்சு இசையமைப்பாளரும் ஆர்க்கெஸ்ட்ரா நடத்துநருமான பியர் பூலேஸ் உருவாக்கியவையே. முதலாவது 1967 முதல் 1972 வரை பதிவானது, சோனி வெளியீட்டில் மூன்று சிடிக்கள். மற்றது டாய்ச்ச கிராமஃபோன் 2000இல் வெளியிட்ட ஆறு சிடிக்கள். நான் இரண்டாவதை வாங்கினேன்.

ஒலிப்பதிவின் தெளிவு, விலை பற்றியெல்லாம் நீட்டிப் பேச ஒன்றுமில்லை. புதியதில் ஓபஸ் எண் (படைப்புகளுக்கான வரிசை எண்) பெறாத இளமைக்காலப் படைப்புகளும் உண்டு. அவற்றுக்காக மட்டும் யாரும் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை.

என்னைப் பொறுத்தவரை முடிவு பாடகியின் குரலில் இருக்கிறது. வேபர்ன் எண்ணிட்ட 31 படைப்புகளில் 17 குரலுக்கானவை. 1920களின் நடுவில் பன்னிரு சுர முறைக்கு (பன்னிரண்டு சுரங்களையும் ஒரு வரிசையாக அடுக்கி, அதிலிருந்தே இசையைக் கட்டும் முறை) வந்ததும் அவர் முதலில் எழுதியவையும் பாடல்களே. சுர வரிசையில் அரைச்சுர இடைவெளியில் அடுத்தடுத்து நிற்பவற்றை அவர் வெவ்வேறு ஸ்தாயிகளில் தூக்கி வைத்துவிடுவார். ஒவ்வொரு சுரத்தையும் பிசகாமல் எட்டிப்பிடிப்பது பாடகியின் கடமையில் பாதிதான். அந்தத் தாவல்கள் ஒரே மூச்சின் ஓட்டமாகக் கேட்க வேண்டும். இல்லையென்றால் பாட்டு மறைந்து சாகசம் மட்டும் மிஞ்சும்.

குரலும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்த ஓபஸ் 29 காண்டாட்டாவின் நடுப்பகுதியை இரண்டிலும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். கவிஞர் ஹில்டகார்ட் யோனே எழுதிய வரிகள்: காற்றில் மிதந்து, மண்ணின் இருளில் விழுந்து, மீண்டும் எழப்போகும் ஒரு மேப்பிள் விதை. பழைய பதிவில் ஹலினா லுகோம்ஸ்கா துல்லியமாகப் பாடுகிறார். ஆனால் ஒவ்வொரு உச்சத்திலும் குரல் இறுகுகிறது. புதியதில் கிறிஸ்டியானே ஓல்ட்ஸே மேலே போகும்போது குரலை மெலிதாக்குகிறார். பெர்லின் ஃபில்ஹார்மோனிக் அவருக்கு இடம்விட்டு வாசிக்கிறது. விதை உண்மையாகவே மிதக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், புதிய பெட்டிக்கு ஆதரவான வலுவான சாட்சி பழைய பெட்டியில் இருக்கிறது. ஷூபர்ட்டின் ஜெர்மன் நடனங்களை ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மாற்றியமைத்து, 1932இல் பிராங்க்ஃபர்ட்டில் வேபர்னே நடத்திய வானொலிப் பதிவு அது. லயம் தளர்ந்தும் இழுத்தும் நெகிழ்கிறது. வியன்னாக்காரர் என்பது ஒவ்வொரு வளைவிலும் தெரிகிறது. இப்படி நடத்தியவர் தம் பாடல்களைக் கணித அட்டவணைபோல் பாடச் சொல்லியிருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை. இந்த ஒரு பதிவுக்காகவே சோனி பெட்டியைத் தேடுபவர்களைக் குறைசொல்லவும் மாட்டேன். பியானோ பாடல்களில் ஹெதர் ஹார்ப்பரும் சார்லஸ் ரோசனும் சேர்ந்திருப்பது அதன் இன்னொரு பலம்.

இவற்றுக்கு முன்பே, 1950களில் அமெரிக்க நடத்துநர் ராபர்ட் கிராஃப்ட் ஒரு முழுத் தொகுப்பு செய்தார். ஹாலிவுட் நடிகைகளுக்குப் பின்னணி பாடிய மார்னி நிக்ஸன் அதில் பாடியிருக்கிறார் என்பது சுவையான செய்தி. முன்னோடி முயற்சி என்ற மதிப்பு அதற்கு உண்டு; முதல் தொகுப்பாக வாங்க அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

சிறு குழுக்களுக்கான அறையிசையில் என் தீர்ப்பை அவ்வளவு நம்ப வேண்டாம். நான்கு தந்திக் கருவிகளுக்கான ஸ்டிரிங் குவார்ட்டெட்டுகளைப் பழையதில் ஜூலியார்ட் குழுவும் புதியதில் எமர்சன் குழுவும் வாசிக்கின்றன. எமர்சன் வாசிப்பு வழவழப்பானது என்று ஒருவர் சொன்னால், மறுத்துப் பேசும் அளவுக்கு நான் ஓபஸ் 28ஐப் பல குழுக்களிடம் கேட்டதில்லை. நால்வர் இசைதான் உங்கள் முதல் விருப்பம் என்றால், ஜூலியார்டைக் கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள்.