61 வயசுல செஸ் ஆரம்பிச்சேன், ஏழு வருஷம் ஆச்சு: என் அனுபவம்

"வயசானவங்க செஸ் ஆடினா மறதி நோய் கிட்டயே வராது"ன்னு வாரத்துக்கு ஒருத்தராவது வாட்ஸ்அப்ல அனுப்பிடுறாங்க. நான் 2018 ஜனவரில ஆரம்பிச்சேன், இப்போ எனக்கு 69 வயசு, நடுவுல கண் ஆபரேஷன் ஆன ஒரு மாசம் தவிர பெருசா விட்டதில்ல. அதனால எது உதவுச்சு, எது உதவல, எது கெடுதல் பண்ணுச்சுன்னு என் வயசுக்காரங்களுக்காக எழுதுறேன். கொஞ்சம் நீளமாத்தான் வரும்.

நான் திருச்சியில தொலைபேசி நிலையத்துல ஆப்பரேட்டரா வேலைக்குச் சேர்ந்தவ. வெளியூருக்குப் பேச ட்ரங்க் கால் புக் பண்ற காலம். ஊர்ல இருக்கற ஆஸ்பத்திரி, மண்டி, லாட்ஜ், ஜவுளிக்கடை நம்பர் எல்லாம் டைரக்டரி பாக்காம சொல்வேன், குரல கேட்டாலே யாருன்னு தெரியும். அப்படிப்பட்டவ ரிட்டயர் ஆகி ஒரு வருஷம் கூட ஆகல, பால அடுப்புல வெச்சுட்டு மாடிக்குப் போயி துணி மடிச்சுட்டு இருக்கேன், தீய்ஞ்ச வாசம் வந்தப்புறம்தான் ஓடி வரேன். ஒரு தடவன்னா பரவால்ல, ஒரே மாசத்துல மூணு தடவ. எங்க வீட்டுக்காரரும் அப்போ இல்ல, தனியா இருக்கேன், பயந்துட்டேன்.

இங்க ஒண்ணு முக்கியமா சொல்லணும், செஸ் போர்டு வாங்கறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட போங்க. எனக்கு ரத்தத்துல பி12 ரொம்பக் கம்மியா இருந்துச்சு, ஊசி போட்டாங்க. தைராய்டும் பாத்தாங்க, காதும் டெஸ்ட் பண்ணாங்க. மறதின்னு நாம நினைக்கறதுல சிலது இந்த மாதிரி சரி பண்ணக்கூடியதா இருக்கலாம், காது சரியா கேக்காம இருக்கறதே மூளைக்குக் கெடுதல்னு இப்ப டாக்டர்கள் வலியுறுத்தி சொல்றாங்க. அந்த ஊசிக்கு அப்புறம் எனக்குத் தெளிவு வந்துச்சு, அந்தப் பெருமைய செஸ்ஸுக்குக் குடுக்க மாட்டேன்.

செஸ் எப்படி வந்துச்சுன்னா, ரெண்டு வீடு தள்ளி ஒரு ரிட்டயர்ட் கணக்கு வாத்தியார் இருக்கார், தெருவே அவர சார்னுதான் கூப்பிடும். காலேஜ் நாள்ல இருந்து ஆடறவர். அவர் கூட ஆடிட்டு இருந்தவர் மகன் வீட்டோட பெங்களூர் போயிட்டார். ஒரு நாள் நான் அவங்க வீட்டுக்குப் பத்திரிகை வைக்கப் போனப்போ சார் தனியா ரெண்டு பக்கமும் ஆடிட்டு இருந்தார், "ஏம்மா, உனக்குக் காய் நகர்த்தத் தெரியுமா"ன்னார். தெரியும்னேன். ஆனா எனக்குத் தெரிஞ்சது அப்பா திண்ணைல ஆடின நாட்டு ஆட்டம். அதுல சிப்பாய் முதல்லயே ரெண்டு கட்டம் போகாது, கேஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே மூவ்ல நகர்த்தறது) கிடையாது, அதுக்குப் பதிலா ராஜா ஒரே ஒரு தடவ குதிரை மாதிரி தாவலாம். அப்பா ராணிய மந்திரின்னு சொல்வார், இப்போ பசங்க பிஷப்பத்தான் மந்திரின்றாங்க, முதல் ஒரு மாசம் அந்தக் குழப்பமே போதும் போதும்னு ஆயிடுச்சு. பொம்பளப் பிள்ளைங்க பக்கத்துல நின்னு பாக்கலாம், உக்காந்து ஆட விட மாட்டாங்க. அதனால 61 வயசுலதான் நான் முதல் தடவையா போர்டுக்கு முன்னாடி உக்காந்தேன். அந்த சந்தோஷத்த எப்படிச் சொல்றதுன்னு தெரியல.

பொருள் விஷயம். ஆன்லைன்ல வாங்கின முதல் செட்டு வேஸ்ட். காய் காத்துல பறக்கற வெயிட்டு, பிஷப்புக்கும் சிப்பாய்க்கும் உயரம் ஏறக்குறைய ஒண்ணு, பளபளன்னு போர்டு, லைட் அடிச்சா கண்ணு கூசும். அப்புறம் டோர்னமெண்ட்ல வெக்கிற மாதிரி சுருட்டி வெக்கிற வினைல் ஷீட்டு, பச்சையும் வெள்ளையும், அடியில கனம் வெச்ச பிளாஸ்டிக் காய், ராஜா மூணே முக்கால் இஞ்ச் உயரம், அது வாங்கினேன், இன்னிக்கு வரைக்கும் அதுதான். விரல் நடுங்கறவங்களுக்குக் கனமான காய் பெரிய உதவி, லேசா கை பட்டா சாயாது. மரக்காய் அழகுதான், ஆனா நம்ம ஊர் ஈரத்துல அடி ஃபெல்ட் உரிஞ்சு வந்துடுது. இன்னொண்ணு, தரைல உக்காந்து ஆடாதீங்க, கழுத்து பிடிச்சுக்கும். 2021ல எனக்கு காட்ராக்ட் ஆபரேஷன் ஆச்சு, அதுக்கு முன்னாடி ஒரு வருஷமா மூலைல இருக்கற பிஷப்ப சிப்பாய்னு நினைச்சுத் தோத்துட்டே இருந்திருக்கேன், மூளை மங்குதுன்னு நான் கவலப்பட்டுட்டு இருந்தது உண்மைல கண்ணு மங்கினது.

போன்ல லிச்செஸ்ங்கற செஸ் ஆப்லதான் ஆடறேன், விளம்பரம் கிடையாது, காசு கேக்காது, கம்ப்யூட்டர் கூட ஆடணும்னா 1ல இருந்து 8 வரைக்கும் லெவல் வெச்சுக்கலாம். ரேட்டிங்னு ஆட்டத் திறமைக்கு ஒரு நம்பர் குடுப்பாங்க, புதுசா சேர்ந்தா 1500ல ஆரம்பிக்கும், நான் மளமளன்னு 900க்கு இறங்கினேன், இப்ப ராபிட்ல, அதான் கொஞ்சம் நிதானமான ஆட்டத்துல, 1280 பக்கத்துல இருக்கேன். ஏழு வருஷத்துல அவ்வளவுதானான்னு கேக்கலாம், எனக்கு அது பெருசு. செட்டிங்ஸ்ல ரேட்டிங்கையே மறைச்சு வெச்சுக்கற வசதி இருக்கு, நம்ம வயசுக்கு அது நல்லது, நம்பர் இறங்குறதப் பாத்து மனசு விட்டவங்கள எனக்குத் தெரியும்.

கெடுதல் பண்ணது பிளிட்ஸ், அதான் சில நிமிஷத்துல முடியற வேக ஆட்டம். 2020 லாக்டவுன்ல வெளிய போக முடியல, சார் வீட்டுக்கும் போகல, மூணு நிமிஷ ஆட்டம் ராத்திரி ஒரு மணி வரைக்கும், தோத்தா இன்னொண்ணு, ஜெயிச்சா இன்னொண்ணு, படுத்தா கண்ண மூடினா கட்டமும் குதிரையும் ஓடும். காலைல பிரஷர் பாத்தா 160 காட்டுது. அந்த ஆட்டத்துல யோசிக்கறதே இல்ல, பழக்க தோஷத்துல விரல் போகுது. தூக்கம் போச்சுன்னா ஞாபகம் எங்க இருந்து வரும்? இப்போ ரூல் வெச்சிருக்கேன், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல போன்ல செஸ் கிடையாது, ஆடினா 15 நிமிஷம், ஒவ்வொரு மூவுக்கும் 10 செகண்ட் கூடற மாதிரி வெச்சுத்தான். அந்த 10 செகண்ட் இல்லன்னா ஜெயிக்கற ஆட்டத்தையும் நேரம் போயி தோப்போம்.

சரி, ஞாபக சக்தி கூடுச்சா? இல்ல. மளிகை லிஸ்ட் எழுதாம போனா இன்னமும் பெருங்காயம் விட்டுப் போகும், கல்யாணத்துல பாக்கறவங்க பேர் வாய்க்கு வராது. கூடினது வேற ஒண்ணு. சார் முதல் ஆறு மாசம் என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் திரும்பத் திரும்ப சொன்னார், கைய மடியில வெச்சுக்கோ, போர்டு முழுக்க ஒரு தடவ பாரு, அவன் ஏன் அத நகர்த்தினான்னு கேளு, அப்புறம் தொடு. இப்ப அடுக்களைய விட்டு வெளிய வரும்போது வாசப்படில நின்னு இடதுல இருந்து வலதுக்கு ஒரு பார்வ பாக்கறேன், அடுப்பு, குழாய், ஃப்ரிட்ஜ் கதவு. யாரும் சொல்லிக் குடுக்கல, தானா வந்துச்சு. பால் பொங்கி நாலு வருஷம் ஆச்சு.

ஆராய்ச்சியும் இருக்கு. 2003ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல வந்தது, 75 வயசு தாண்டின 469 பேர வருஷக்கணக்கா பாத்திருக்காங்க, போர்டு கேம் ஆடறவங்க, படிக்கறவங்க, வாத்தியம் வாசிக்கறவங்க, டான்ஸ் ஆடறவங்களுக்கு டிமென்ஷியா, அதான் மறதி நோய், கம்மியா வந்திருக்கு. வாட்ஸ்அப்ல சுத்தறதோட மூலம் பெரும்பாலும் இதுதான்னு நினைக்கறேன். ஆனா ஆடினதாலதான் வரலன்னு அதுல இருந்து அடிச்சு சொல்ல முடியாது, ஏற்கெனவே மூளை தளர ஆரம்பிச்சவங்க ஆட்டத்த விட்டிருக்கலாம் இல்லயா. இது வாசிப்புக்கும் வீணைக்கும் சேத்து சொன்னதுங்கறத யாரும் ஃபார்வர்ட் பண்றதில்ல.

வயசானா கத்துக்க முடியாதுன்றவங்களுக்கு ஒரு பேர் சொல்றேன், செஸ் கிராண்ட்மாஸ்டர் விக்டர் கோர்ச்னாய். 2009ல 78 வயசுல சுவிட்சர்லாந்து சாம்பியன் ஆனார், 2011ல 80 வயசுல திரும்பவும் ஆனார். அவர் வாழ்நாள் முழுக்க ஆடினவர், நமக்கும் அவருக்கும் ஒப்பிட முடியாது, இருந்தாலும் 80 வயசு மூளையால அஞ்சு மணி நேரம் உக்காந்து யோசிக்க முடியும்னு தெரியுது இல்லயா, எனக்கு அது போதும்.

2022ல மாமல்லபுரத்துல நாடு நாடா டீம் ஆடற செஸ் ஒலிம்பியாட் நடந்தப்போ பஸ் பிடிச்சுப் போனேன். இந்தியப் பெண்கள் டீம்ல ஹரிகா நிறைமாச கர்ப்பிணியா உக்காந்து ஆடினாங்க, நம்ம வைஷாலியும் அந்த டீம்தான், வெண்கலம் வாங்கினாங்க. அந்த ஹாலோட நிசப்தம் இருக்கே, அத்தன பேர் இருந்தும் ஒரு இருமல் சத்தம்கூட தனியாக் கேக்கும், அப்பாவோட திண்ணைல ஓரமா நின்னத நினைச்சு எனக்கு அங்கயே கண்ணு கலங்கிடுச்சு.

நான் படிச்சதுல ரொம்பப் பிடிச்சது எண்ட்கேம், அதான் காய் எல்லாம் குறைஞ்ச கடைசிக் கட்டம். ஓப்பனிங், அதான் ஆட்டத்தோட முதல் மூவ்கள, மனப்பாடம் பண்ணாதீங்க, மறந்துதான் போகும். ராஜாவும் ஒரு சிப்பாயும் மட்டும் மிச்சம், எதிர்ல வெறும் ராஜா, இத கத்துக்கோங்க. சிப்பாய முன்னாடி ஓட விட்டுட்டு ராஜா பின்னாடி போனா பெரும்பாலும் டிரா. ராஜா முன்னாடி போயி, எதிரி ராஜாவுக்கு நேருக்கு நேர் நடுவுல ஒரு கட்டம் விட்டு நின்னு வழி பண்ணிக் குடுத்தா, சிப்பாய் நிதானமா கடைசி வரிசைக்கு நடந்து போயி ராணி ஆயிடும். ஓர வரிசை சிப்பாய்க்கு மட்டும் இது செல்லாது. இத முழுசாப் புரிஞ்சுக்க எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு. 2024 டிசம்பர் 12 அன்னிக்கு சார் வீட்டு ஹால்ல உக்காந்து உலக சாம்பியன்ஷிப்ல குகேஷ் ஆட்டம் பாத்துட்டு இருந்தோம், 14வது கேம். எதிர்ல ஆடின டிங் லிரென் 55வது மூவ்ல யானைய நகர்த்தினதும் சார் சோஃபால நிமிர்ந்து உக்காந்து, "யானை போச்சு, பிஷப்பும் போகும்மா, இனி ராஜா ஆட்டம்தான்"னார். டிவில சொல்றவங்க கத்தறதுக்கும் இவர் சொல்றதுக்கும் சரியா இருந்துச்சு. 18 வயசுப் பையன் உலக சாம்பியன் ஆயிட்டான், சார் கைதட்டினார்.

இத நான் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. அதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே, 2023ல, சாருக்கு டிமென்ஷியா ஆரம்பம்னு சொல்லிட்டாங்க. ஐம்பது வருஷத்துக்கு மேல தினமும் செஸ் ஆடின மனுஷன். அதனாலதான் "ஆடினா வராது"ன்னு யாராவது சொன்னா எனக்குக் கோபம் வருது, அப்போ இவர் என்ன தப்பு பண்ணார்? மறதி வந்தவங்களப் பாத்து நீங்க மூளைக்கு வேலை குடுக்கலன்னு சொல்றது எவ்வளவு பெரிய கொடுமைன்னு அந்த அக்காவ, அதான் சாரோட வீட்டம்மாவ, கேட்டாத்தான் தெரியும்.

செவ்வாயும் வெள்ளியும் நாலு மணிக்கு இன்னமும் ஆடறோம். காய் அடுக்கறப்போ சில நாள் ராஜாவையும் ராணியையும் மாத்தி வெச்சுடறார், நான் ஒண்ணும் சொல்லாம மாத்தி வெப்பேன். அவர் முறை வந்தும் என்னையே பாத்துட்டு இருப்பார், "சார், உங்க மூவ்"னு சொல்லணும். கிளாக் வெக்கறத நிறுத்திட்டோம். பேர் மறந்த நாள்லயும் விரல் மறக்கல, குதிரைய தூக்கற விதம் அப்படியே இருக்கு, தலைய ரெண்டு விரல்ல பிடிச்சு மணிக்கட்ட லேசா திருப்பி வெப்பார்.

போன செவ்வாய் எல்லாக் காயும் வெட்டுப்பட்டு அவருக்கு ஒரு சிப்பாய் மிச்சம், ரெண்டு ராஜா. நான் மனசுக்குள்ள சிப்பாய தள்ளிடாதீங்க சார்னு நினைச்சுட்டே உக்காந்திருந்தேன். ரொம்ப நேரம் யோசிச்சார். கை சிப்பாய் பக்கம் போச்சு, தொடல, மடிக்குத் திரும்பிடுச்சு. அப்புறம் ராஜாவ எடுத்து எனக்கு நேரா, நடுவுல ஒரு கட்டம் விட்டு வெச்சார். நான் தோல்விய ஒத்துக்கிட்டு கை குடுத்தேன். அவர் அடுக்களைப் பக்கம் திரும்பி, "காபி இன்னும் வரலயே"ன்னார். குடிச்ச டம்ளர் பக்கத்துலயே இருந்துச்சு. அக்கா ஒரு வார்த்த பேசாம அத எடுத்துட்டுப் போயி அரை டம்ளர் கொண்டு வந்து வெச்சாங்க, நான் காய் அடுக்க ஆரம்பிச்சேன்.