ஆணுறையா, மாத்திரையா, காப்பர் டியா?

கல்யாணமாகி மூன்று மாதம் முடிவதற்குள் "விசேஷம் ஏதும் உண்டா?" என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். இரண்டு வருடம் போகட்டும் என்று நினைக்கும் ஜோடிக்கு எந்தக் கருத்தடை முறை நல்லது? எதற்கு, யாரிடம், எத்தனை முறை வாய்திறக்க வேண்டியிருக்கும் என்பதை முதலில் பார்க்கச் சொல்வேன்.

ஆணுறைக்குப் பக்கவிளைவு அநேகமாக இல்லை. பால்வினை நோய்களையும் தடுப்பது இந்த மூன்றில் இது மட்டும்தான். ஒவ்வொரு முறையும் சரியாகப் பயன்படுத்தினால் ஓராண்டில் 100 பெண்களில் 2 பேருக்குத்தான் கரு தங்கும். நடைமுறையில் அது 13 ஆகிவிடுகிறது. ரப்பர் கிழிவதால் மட்டும் இவ்வளவு கூடுவதில்லை. "இன்னிக்கு ஒருநாள்தானே" என்று அவன் சொல்ல, மறுத்தால் முகம் வாடிவிடுமே என்று அவள் விட்டுக்கொடுத்த இரவுகளும் அதில் உண்டு. உறையைக் கேட்டாலே "என்மேல நம்பிக்கை இல்லையா?" என்று புண்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் பழக்கம் நெருக்கமாக ஆக, முதலில் கைவிடப்படுவது இதுவாக இருக்கிறது.

மாத்திரைக்கு அந்த நேரத்துப் பேச்சு தேவையில்லை; அவள் கையில் இருக்கிறது. ஆனால் தினமும் போட வேண்டும். பீரோவில் புடவை அடுக்குக்கு அடியில் அட்டையை ஒளித்துவைத்திருப்பவள், அறையில் மாமியார் உட்கார்ந்திருந்தால் எப்படி எடுப்பாள்? மறதி என்று எழுதப்படுவதில் பாதி பயம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. நடைமுறையில் 100க்கு 7 பேருக்குத் தவறுகிறது. "அப்புறம் குழந்தையே தங்காது" என்ற பேச்சை நம்ப வேண்டாம். நிறுத்தினால் கருத்தரிக்கும் திறன் திரும்பிவிடும்.

காப்பர் டி என்பது கருப்பைக்குள் வைக்கும் சிறிய செம்புக் கருவி. இதில் தவறுவது 100க்கு ஒருவருக்கும் குறைவு. ஒருமுறை போட்டால் 5 அல்லது 10 வருடம். அதற்குள் எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். முதல் சில மாதங்கள் உதிரப்போக்கும் வலியும் கூடலாம். நெஞ்சுக்கு ஏறிவிடும் என்பது வெறும் பயம், கருப்பையிலிருந்து அப்படி வழியே இல்லை. முதல் குழந்தைக்கு முன்பும், டாக்டர் பார்த்துச் சரி என்றால், போட்டுக்கொள்ளலாம்.

இந்த மூன்றைத் தவிர, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா என்ற கருத்தடை ஊசியும் உண்டு. அது வீட்டில் தடயமே வைக்காது. ஆனால் நிறுத்தியபின் கருத்தரிக்கச் சில மாதம் தாமதமாகலாம் என்பதால், அடுத்த வருடமே குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு ஒத்துவராது.

தினமும் ஒளித்து ஒளித்து வாழ வேண்டிய வீடு என்றால் காப்பர் டிதான் என் தேர்வு. ஆணுறைதான் என்று முடிவானால், வாங்கிவந்து தீராமல் பார்த்துக்கொள்வது அவன் பொறுப்பாக இருக்கட்டும். அதையும் படுக்கையில் வைத்துப் பேசாதீர்கள், பகலில் டீ குடிக்கும்போது பேசுங்கள்.