பத்தரை அடி என்று விற்கப்பட்ட கம்பு: பாறைமேல் நின்று மீன் பிடிப்போர் கவனத்திற்கு

பாறைத் திட்டுகளில் நின்று லூர் என்னும் செயற்கை இரையை வீசி மீன் பிடிப்பவர்கள், குறிப்பாகக் கையில் இருப்பதைவிட நீளமான கம்பு ஒன்றை வாங்க எண்ணியிருப்பவர்கள், பணத்தை எடுத்து நீட்டுவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். பத்தரை அடி என்று சொல்லி எனக்கு விற்கப்பட்ட கம்பு பத்தரை அடி இல்லை. அதைவிட மோசம், அதில் இருந்த நீளமும் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. முதல் குறையை ஓர் அளவு நாடா அரை நிமிடத்தில் காட்டியிருக்கும். நான் பிடித்துப் பார்க்கவில்லை. இரண்டாவதைப் புரிந்துகொள்வதற்குள் ஒரு நல்ல மீனும், எனக்குப் பிடித்தமான ஒரு மின்னோவும் (சிறு மீன் வடிவ லூர்), கொஞ்சம் பின்னல் நரம்பும் (இழைகளைப் பின்னிச் செய்த தூண்டில் நூல்) போய்விட்டன.

நீளமான கம்பு எனக்கு ஏன் தேவைப்பட்டது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளாக நான் பயன்படுத்தி வந்தது 9 அடிக் கம்பு. மணற்கரையிலும் தடுப்புச் சுவர்களிலும் அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால், நான் வழக்கமாக நிற்கும் பாறை நேராகக் கடலுக்குள் இறங்குவதில்லை. காலடிக்கு முன்னால் வழுக்கலான ஒரு படிபோல நீண்டு, அதன் பிறகே ஆழத்துக்குள் விழுகிறது. கடைசி நேரத்தில் மீன் அந்த விளிம்புக்கு அடியில் புகுந்தால், நரம்பு பாறை முனையில் உரசும். இழுவிசையில் இருக்கும் பின்னல் நரம்பு எவ்வளவு எடையைத் தாங்கக்கூடியதாக இருந்தாலும், சிப்பி ஒட்டிய பாறையில் ஒருமுறை உரசினாலே பெரும்பாலும் அறுந்துவிடும். கம்பு நீளமானால் அதன் நுனி விளிம்பைத் தாண்டி வெளியே நிற்கும். நுரைபொங்கும் தண்ணீரின்மீது நரம்பு படியாமல் தூக்கிப் பிடிக்கலாம். லூரைக் காலடிவரை ஒழுங்காக நீந்தவைத்துக் கொண்டுவரலாம். இவற்றையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் பட்ட காரணம் வேறு. நுனி முன்னால் எவ்வளவு நீள்கிறதோ, அந்த அளவுக்கு நான் ஈரப் பாறையிலிருந்து பின்னால் தள்ளி நிற்கலாம். பாறையில் நின்று பாரை மீன் பிடிப்பவனுக்கு ஒரு காலடி தூரம் என்பது சிறிய தூரமில்லை.

கடைக்காரரிடம் இதையெல்லாம் விவரமாகவே சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார் என்பதுதான் இப்போது நினைத்தாலும் உறுத்துகிறது. இரண்டு துண்டுகளாகப் பிரியும் ஒரு கம்பை எடுத்து வைத்து, 10 அடி 6 அங்குலம், அதாவது 320 செ.மீ., லூர் எடை 30 முதல் 80 கிராம், கம்பின் எடை 240 கிராம், 99 சதவீதம் கார்பன் என்று அதன்மேல் பொன்னிறத்தில் அச்சிட்டிருந்ததையெல்லாம் வாசித்துக் காட்டினார். கடை குறுகலாக இருந்ததால், இரண்டு துண்டுகளையும் பொருத்திப் பார்க்க இடமில்லை என்றார். நானும் சரி என்றேன். அந்த ஒரு ‘சரி’க்காக என்னை நானே நொந்துகொள்ளாத நாளில்லை.

முதல் நாளே சில அறிகுறிகள் தென்பட்டன. நரம்பைச் சுற்றும் ரீலைப் பொருத்தி 40 கிராம் ஜிக் (உலோக லூர்) ஒன்றை வீசியபோது கம்பு நடுவில் தளர்ந்து, வீச்சு முடிந்த பிறகும் நுனி ஆடிக்கொண்டே இருந்தது. 60 கிராம் போட்டபோது முழு வேகத்தில் வீசவே பயமாக இருந்தது. அச்சிட்ட எடை வரம்பின் உச்சியில் எந்தக் கம்பும் திணறத்தான் செய்யும். அந்த வரம்பில் மூன்றில் இரண்டு பங்கு வரைதான் கம்பு தன் இயல்பில் வேலை செய்யும் என்பது என் அனுபவம். அப்படிப் பார்த்தாலும் 80 கிராம் என்று போட்டவன் 50 கிராமையாவது சுகமாக வீசவேண்டும். மின்னோவைத் துடிக்கவைக்க நுனியைக் கீழ்நோக்கிச் சுண்டும்போதெல்லாம் கைப்பிடியின் பின்முனை உயிர்காப்பு அங்கியில் மாட்டிக்கொண்டது. புதிய கம்பு, பழகப் பழகச் சரியாகிவிடும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

ஐந்தாவது முறையோ ஆறாவது முறையோ சென்றபோதுதான் அந்த மீன் எடுத்தது. பி.இ. 2 (தடிமனைக் குறிக்கும் எண்) பின்னல் நரம்பு, முனையில் லூரோடு இணையும் லீடர் நரம்பு ஒன்றரை மீட்டர்; மீன் எவ்வளவு பலமாக இழுத்தால் ரீல் நரம்பை விட வேண்டும் என்பதை வைக்கும் டிராக்கையும் தராசு மாட்டி அளந்துதான் வைத்திருந்தேன். முதல் இரண்டு ஓட்டங்களைச் சமாளித்துக் கரைக்கு அருகே கொண்டுவந்துவிட்டேன். அங்கே அது நேராகக் கீழே இறங்கி விளிம்புக்கு அடியில் திரும்பியது. நுனியை வெளியே நீட்டினேன்; நுனி வெளியே போகவில்லை. இன்னும் சற்றே நீட்டினால் போதும் என்று தோன்றியதால், நான் வழக்கமாகத் தாண்டாத ஈரக்கோட்டைத் தாண்டி ஒரு காலடி முன்னால் வைத்தேன். அதே வேளையில் உரசல் கைக்குத் தெரிந்தது. மறுநொடி கம்பு நிமிர்ந்துவிட்டது. அறுந்தது லீடர் அல்ல, பின்னல் நரம்பு. மீன் போனதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை, மீன் போவது இந்தப் பொழுதுபோக்கில் பாதி. பத்தரை அடிக் கம்பைக் கையில் வைத்துக்கொண்டு 9 அடிக் கம்பு காலத்தில்கூட வைக்காத இடத்தில் ஏன் கால் வைத்தேன் என்ற கேள்விதான் வீடு வரும்வரை என்னை விடவில்லை.

வந்தவுடன் இரண்டு கம்புகளையும் தரையில் பக்கம் பக்கமாகக் கிடத்தி நாடா பிடித்தேன். பழைய கம்பு அச்சிட்டபடியே 274 செ.மீ. புதியது, இரண்டு துண்டுகளையும் இறுகப் பொருத்திய பிறகு 307 செ.மீ.; பத்தடிக்கு மேல் ஓர் அங்குலம்கூட முழுதாக இல்லை. 320 எங்கிருந்து வந்தது என்று துண்டுகளைத் தனித்தனியே அளந்தபோது விளங்கியது. ஒன்று 161, மற்றது 159. ஒன்றுக்குள் ஒன்று 13 செ.மீ. நுழைந்து மறையும் மூட்டைக் கழிக்காமல், இரண்டையும் கூட்டி விற்றிருக்கிறார்கள். துணியை வெட்டித் தைத்தால் தையலுக்குள் போனது போனதுதான். அதையும் சேர்த்துச் சட்டையின் நீளம் என்று எந்தத் தையல்காரரும் சொல்வதில்லை.

இதுகூடப் பரவாயில்லை என்று சொல்லிவிடலாம். ரீலின் கால் உட்காரும் இடத்திலிருந்து பின்முனைவரை அளந்தபோதுதான் உண்மையான ஏமாற்று தெரிந்தது. பழைய கம்பில் அந்தத் தூரம் 45 செ.மீ.; புதியதில் 68. அப்படியானால் ரீலுக்கு முன்னால், அதாவது மீனையும் பாறையையும் எதிர்கொள்ளும் பக்கத்தில், பழையதில் 229, புதியதில் 239. நான் கூடுதலாக வாங்கியதாக நினைத்தது 46 செ.மீ.; முன்பக்கம் கிடைத்தது வெறும் 10. கம்பை 45 பாகை சாய்வில் பிடிக்கும்போது அந்த 10 செ.மீ., நுனியைக் கடல்பக்கம் 7 செ.மீ. மட்டுமே தள்ளும். விளிம்பைத் தாண்டி நீட்ட வேண்டியவனுக்கு 7 செ.மீ. என்பது என் உள்ளங்கை அகலம்கூட இல்லை. மீதமெல்லாம் என் முழங்கைக்குப் பின்னால் நீண்டு, அங்கியில் குத்திக்கொண்டிருந்தது.

கைப்பிடியை மூடியிருந்த, சூட்டில் சுருங்கும் ரப்பர் உறையைத் தடவிப் பார்த்தபோது, பின்முனைக்குச் சற்று முன்னால் சிறிய மேடு ஒன்று விரலில் தட்டியது. எப்படியும் இது இனி எனக்கு உதவாது என்று உறையைக் கிழித்தேன். உள்ளே, கம்பின் கறுப்புத் தண்டு முடியும் இடத்தில், வெளிறிய நிறத்தில் ஒரு கண்ணாடியிழைக் குழாயைப் பசையிட்டுச் செருகி ஒட்டியிருந்தார்கள். குட்டையான ஒரு கம்பின் அடியில் குழாய் ஒட்டி, மேலே உறை போட்டு, நீளக் கம்பு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சமையலறைத் தராசில் வைத்தபோது 240 கிராம் என்றது 318 காட்டியதற்கும் இதுவே பெரிய காரணமாக இருக்க வேண்டும். நடுவில் தளர்ந்ததற்கும் விடை கிடைத்தது. 50 கிராமும் 60 கிராமும் வீசுவதற்கான தண்டே அது இல்லை.

கம்பின்மீது நரம்பு ஓடும் வளையங்களையும் அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். 9 அடிக் கம்பில் நுனியோடு சேர்த்து 8 வளையங்கள், இதில் 7. கம்பு வளையும்போது வளையங்களுக்கு இடையே நரம்பு வளைவை ஒட்டிப் போகாமல் குறுக்கே வெட்டிப் போனதைப் படகுக்காரர்கள்கூடக் கவனித்திருப்பார்கள், நான் கவனிக்கவில்லை. பஞ்சைச் சிறு உருண்டையாக்கி ஒவ்வொரு வளையத்தின் உட்புறத்திலும் தேய்த்தபோது நுனி வளையத்தில் இழை மாட்டியது. அதன் பீங்கான் உள்வளையத்தில் மயிரிழை அளவுக்கு ஒரு கீறல். நரம்பை அறுத்தது பாறைதானா, அல்லது அதற்கு முன்பே இந்தக் கீறல் அதைப் பாதி தின்றுவிட்டதா என்பதை இனி யார் சொல்ல முடியும்?

கடைக்குக் கம்பையும் நாடாவையும் எடுத்துக்கொண்டு போனேன். கம்பை அளக்க அவர் ஒப்புக்கொள்ளவில்லை. தண்ணீர் பட்ட கம்பைத் திரும்ப எடுப்பதில்லை என்றார். உறையைக் கிழித்தது நான்தான் என்றார். அது உண்மைதான், மறுக்க முடியவில்லை. கிழிப்பதற்கு முன் நீளத்தையும் எடையையும் மேட்டையும் படம் எடுத்து வைத்திருக்க வேண்டும். எனவே சந்தேகம் வந்தவுடன் கத்தியை எடுக்காதீர்கள். முதலில் நாடாவோடும் தராசோடும் சேர்த்துப் படம் எடுங்கள், இரசீதில் நீளத்தை எழுதி வாங்குங்கள்.

வாங்கும்போது செய்ய வேண்டியதைப் பற்றி, சூடுபட்டவன் என்ற முறையில் சில சொல்கிறேன். கம்பை முழுதாகப் பொருத்திப் பார்க்க இடமில்லை என்றால் வாசலுக்கு எடுத்துச் சென்று பொருத்துங்கள். அதற்கும் மறுத்தால் வாங்காதீர்கள். மொத்த நீளத்தை மட்டும் கேட்காமல், ரீலின் காலிலிருந்து நுனிவரை எவ்வளவு என்று அளந்து, உங்கள் பழைய கம்போடு ஒப்பிடுங்கள். பின்பக்க நீளம் வீண் என்று நான் சொல்லவில்லை. இரு கைகளால் வீசும்போது பின்கை இழுப்பதற்கு நெம்புகோலாக அது தேவை. பின்முனையை முழங்கை மடிப்பில் வைத்தால் ரீலின் தண்டை விரல்கள் பற்றும் அளவு எனக்குப் போதுமானது. உயரமானவர்களுக்கு இன்னும் சற்றுக் கூடலாம். உங்கள் சொந்த ரீலை எடுத்துப் போய்ப் பொருத்தி, கம்பைக் கிடையாகச் சில நிமிடம் பிடித்துப் பாருங்கள். நுனிப்பக்கம் கனத்து இழுத்தால், பாறையில் இரண்டு மணி நேரத்தில் மணிக்கட்டு அதைச் சொல்லிக் காட்டும். வளைத்துப் பார்க்க விரும்பினால் நுனியைக் கையால் பிடித்து மடக்கக் கூடாது, நல்ல கம்பும் அப்படி ஒடியும்; வளையங்கள் வழியாக நரம்பைக் கோத்து, அதை மெதுவாக இழுத்துப் பார்க்க வேண்டும். மூட்டு ஆடக் கூடாது, சுண்டும்போது ‘டிக்’ என்ற ஒலி வரக் கூடாது. சதவீதத்தில் எழுதியிருக்கும் கார்பன் கணக்கை நம்பி எதையும் முடிவு செய்ய வேண்டாம். இழை எந்த வகை, எந்தத் திசையில் சுற்றப்பட்டது, சுவர் எவ்வளவு தடிமன் என்பதையெல்லாம் அந்த எண் சொல்வதில்லை.

நேர்மையான நீளக் கம்புக்கும் ஒரு விலை உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முன்பக்கம் நீள நீள, மீன் இழுக்கும் அதே இழுப்பு உங்கள் கையில் கூடுதல் பளுவாக இறங்கும். எதிர்க்காற்றில் கம்பை நகர்த்துவது கடினம். பின்னால் செங்குத்துப் பாறை இருந்தால் வீச இடம் போதாது. ஆகவே விளிம்பு செங்குத்தாக இறங்கும் இடங்களில் மட்டும் மீன் பிடிப்பவர்களுக்கு ஒன்பதரை அடியே போதும் என்று நினைக்கிறேன். நான் பிறகு வேறொருவரிடம் வாங்கியது 305 செ.மீ. கம்புதான், ஏமாந்ததைவிட 2 செ.மீ. குட்டை. ஆனால் பின்பக்கம் 50, முன்பக்கம் 255. பழைய கம்பைவிட நுனி 26 செ.மீ. முன்னால் நிற்கிறது, நான் ஈரக்கோட்டுக்குப் பின்னால் நிற்கிறேன்.

கடைக்காரருக்கு எழுத்திலும் ஒரு முறையீடு அனுப்பினேன். இரண்டு துண்டுகளின் நீளத்தையும் சேர்த்துச் சொல்வதுதான் தங்கள் வழக்கம் என்று இரண்டே வரியில் பதில் வந்தது. குழாயைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. பொருத்தாமல், இரண்டு துண்டுகளையும் தரையில் முனையோடு முனை தொடுமாறு கிடத்திப் பார்த்தேன். 320 செ.மீ. சரியாகத்தான் இருக்கிறது.